மான் தீனியும் ரக்கூன் பந்தியும்

டெக்சாஸில் நாங்கள் குத்தகைக்கு எடுத்த வேட்டை நிலத்தில், மான்களுக்கு மக்காச்சோளம் தூவும் முக்காலிப் பீப்பாய் ஒன்று உண்டு. டைமர் வைத்தும் சோளம் சீக்கிரமே தீர்ந்தது. இரவுக் கேமராவில் பார்த்தால், ரக்கூன் (கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையுள்ள சிறு அமெரிக்க விலங்கு) ஒன்று முக்காலியின் கால் வழியாக ஏறி, அடியில் சோளத்தைச் சிதறடிக்கும் சுழல்தட்டைக் கையால் திருப்புகிறது. கீழே குடும்பமே பந்தியில்!

அவற்றை விரட்ட முதலில் தூவிய மிளகாய்த்தூள் மழையோடு போய்விட்டது. அப்புறம் மோட்டாரையும் தட்டையும் சுற்றிக் கம்பிக்கூண்டு மாட்டினேன். இடைவெளியில் சோளம் பறக்க வேண்டும், ஆனால் கை தட்டை எட்டக் கூடாது. எனவே கூண்டு அகலமாக இருப்பது முக்கியம். கால்களைக் கழற்றி, பருமனான பிவிசி குழாய்களைத் தளர்வாகச் செருகினேன். பிடித்தால் குழாய் சுழலும், வழுக்கும். தூவும் நேரத்தையும் விடிந்த பிறகு வரும்படி மாற்றிவிட்டேன்.

ரக்கூன்கள் இன்னும் வருகின்றன, சிந்தியதைப் பொறுக்கிவிட்டுப் போகின்றன. சரி, போகட்டும். காட்டுப்பன்றிக்குத்தான் இனி வேலி போட வேண்டும்.