வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் நாயைக் கையால் அமைதிப்படுத்துவது எப்படி

ஐப்பசி மாதம் நாய்களுக்குப் பொல்லாத மாதம். வடகிழக்குப் பருவமழையின் இடியும் தீபாவளி வெடியும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. நான் இருப்பது விருதுநகர் மாவட்டத்தில். இங்கே எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவதே பட்டாசுத் தொழிலால்தான். அதனால் வெடிக்காதீர்கள் என்று ஊரைக் கேட்க நான் வரவில்லை. நாய் வளர்ப்பவர்கள் தங்கள் மூச்சையும் கையையும் வைத்து அதற்கு என்ன செய்யலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டில் செவலை என்றொரு நாட்டு நாய் இருக்கிறாள், தெருவிலிருந்து வந்தவள். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடுவாள். கீழே சொல்வதெல்லாம் அவளிடம் செய்து பார்த்து, அவளுக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டு, பிடிக்காததைக் கழித்த பிறகு நின்றவை.

முதலில் உங்கள் உடம்பு. கை அதற்கு அப்புறம்தான். பதறிக்கொண்டு ஓடிப்போய் நாயைத் தூக்கி அணைத்தால், அந்தப் பதற்றம்தான் அதற்குப் போய்ச் சேரும். 2022-இல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவருக்குக் கடினமான மனக்கணக்கு கொடுத்து, அதற்கு முன்னும் பின்னும் அவருடைய வியர்வையையும் மூச்சையும் பிடித்து நாய்களிடம் மோப்பம் காட்டினார்கள். பதற்றமான மாதிரி எது என்று நாய்கள் பெரும்பாலும் சரியாகக் காட்டிவிட்டன. அதற்கு முன் 2019-இல் ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் 58 நாய்களின் முடியிலும் அவற்றை வளர்ப்பவர்களின் முடியிலும் கார்டிசால் அளவைப் பார்த்தார்கள். மன அழுத்தத்தில் உடம்பு சுரக்கும் ஹார்மோன் அது. மாதக்கணக்கில் மன அழுத்தத்தில் இருந்தவர்களின் நாய்களிடமும் அது கூடுதலாக இருந்தது. ஆக, நாம் முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு உள்ளே படபடப்பாக இருந்தால் நாய் ஏமாறாது. அதற்கு மூக்கு இருக்கிறது.

எனவே நாய் இருக்கும் அறைக்குப் போய்த் தரையில் உட்காருங்கள். நேருக்கு நேராக வேண்டாம், பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள், மேலே குனியாதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் தாடையைத் தளர்த்துங்கள். தோள் காதுப் பக்கம் ஏறியிருந்தால் இறக்கிவிடுங்கள். நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளே இழுத்து, எட்டு எண்ணும் வரை மெதுவாக வெளியே விடுங்கள். எட்டு முடியவில்லையா, ஆறு போதும். வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம். மூளைத்தண்டிலிருந்து இதயத்துக்கும் குடலுக்கும் இறங்குகிற வேகஸ் நரம்பு, மூச்சு வெளியேறும் நேரத்தில் இதயத்தின் மேல் கூடுதலாக வேலை செய்யும், துடிப்பு குறையும். வார்டில் ஊசிக்குப் பயந்து கையை இறுக்கும் பிள்ளைகளை "மெதுவா ஊது கண்ணு" என்று நாங்கள் ஊதச் சொன்னதும் இதற்காகத்தான். சில நிமிடம் இப்படியே இருங்கள். நாயைக் கூப்பிட வேண்டாம். அது கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது என்றால் இருக்கட்டும், அது தேடிக்கொண்ட பாதுகாப்பு அது. இழுத்து வெளியே போடாதீர்கள்.

நாய் தானாக வந்து பக்கத்தில் படுத்தாலோ, உடம்பைச் சாய்த்தாலோ, மூக்கால் கையை முட்டினாலோ, அப்போது தொடலாம். தலை உச்சியில் தட்டுவது நமக்கு ஊறிப்போன பழக்கம். பயந்த நாய்க்கு மேலிருந்து இறங்கும் கை மிரட்டலாகத்தான் தெரியும். பாதம், வால், வயிறு மூன்றையும் விட்டுவிடுங்கள். நெஞ்சின் பக்கவாட்டு, தோள், காது தொடங்கும் இடம் ஆகியவை பெரும்பாலான நாய்களுக்கு ஒத்துவரும்.

கையை வைத்த உடனே தடவ ஆரம்பிக்காதீர்கள். உள்ளங்கை முழுவதும் படும்படி தோளின் மேல் வைத்து, கையின் பாரத்தை மட்டும் இறக்கிவிட்டுச் சும்மா இருங்கள். நீங்கள் இரண்டு மூன்று மூச்சு விடும் வரை கை அசையவே வேண்டாம். அப்புறம் முடி வளர்ந்திருக்கும் திசையிலேயே, தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் நீவுங்கள். மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? மனிதத் தோலில் மென்மையான வருடலுக்கென்றே ஒரு வகை நரம்பிழைகள் உண்டு. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் கை நகரும்போது அவை நன்றாக வேலை செய்கின்றன. அந்தக் கணக்கை நாய்க்கும் அளவாக வைத்துக்கொள்கிறேன். செவலையின் தோளிலிருந்து இடுப்புக்குப் போக என் கை ஏழெட்டு நொடி எடுத்துக்கொள்ளும். ஒரு நீவலுக்கு ஒரு வெளிமூச்சு என்று வைத்துக்கொண்டால் வேகம் தானாகச் சரியாகிவிடும். படபடவென்று தட்டுவதும் விறுவிறுவென்று தேய்ப்பதும் விளையாட்டுக்கு ஆகும், பயத்துக்கு ஆகாது.

மூன்று நான்கு நீவலுக்குப் பிறகு கையை எடுத்துவிடுங்கள். இதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கையை எடுத்ததும் நாய் திரும்பிப் பார்க்கிறதா, இன்னும் நெருங்கிச் சாய்கிறதா, அப்படியென்றால் தொடருங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா, உதட்டை நக்குகிறதா, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுகிறதா, கண்ணின் வெள்ளை ஓரம் தெரிகிறதா, உடம்பு விறைத்து அப்படியே நிற்கிறதா, அப்படியென்றால் போதும் என்கிறது. கை இல்லாமல் பக்கத்தில் மட்டும் இருங்கள். நாய் அசையாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பயத்தில் உறைந்த நாயும் அசையாமல்தான் இருக்கும்.

காது வேறு விஷயம். காதின் அடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து, நுனி வரை மெல்ல வழுக்கிக்கொண்டு போவது பல நாய்களுக்குப் பிடிக்கும். முதலில் குதிரைகளிடம் வேலை செய்து, பின்னர் நாய்களிடம் வந்த லிண்டா டெல்லிங்டன்-ஜோன்ஸ் பரப்பிய முறைகளில் இதுவும் ஒன்று. விரல் நுனிகளால் தோலை ஒன்றேகால் சுற்று மெல்ல நகர்த்தி நிறுத்துவது அவருடைய இன்னொரு முறை. தோலின் மேல் விரல் வழுக்கக் கூடாது, விரலோடு தோலும் சேர்ந்து நகர வேண்டும். இதற்கு அவர் சொல்லும் விளக்கங்கள் எல்லாவற்றுக்கும் ஆய்வுச் சான்று இல்லை. ஆனால் அந்த ஒன்றேகால் சுற்று நம் கையை நிதானத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது, எனக்கு அதுவே பெரிய உதவி. காதில் புண்ணோ சீழோ இருக்கும் நாயிடம் இதை முயல வேண்டாம்.

அமைதி வருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? என் தொழில் பழக்கத்தில் நான் இதயத்தைப் பார்ப்பேன். நாயின் இடது முழங்கைக்குச் சற்றுப் பின்னால், விலாவின் மேல் உள்ளங்கையை வைத்தால் துடிப்பு தெரியும். நிம்மதியாக இருக்கும் நாயின் இதயம் ஒரே சீராக அடிக்காது. மூச்சை இழுக்கும்போது விரையும், விடும்போது தயங்கும். மனிதரில் இப்படி மேடு பள்ளமாகத் துடித்தால் நாங்கள் ஈசிஜி எடுக்க ஓடுவோம், நாயில் இது இயல்பு. வேகஸ் நரம்பு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். பயத்தில் இருக்கும்போது துடிப்பு வேகமாகவும் சீராகவும், இடைவெளியே இல்லாமல் ஓடும். என் கைக்கு அடியில் செவலையின் துடிப்பில் அந்தத் தயக்கம் திரும்பி வரும்போது, அவள் கண் இமையும் கீழ்த்தாடையும் தளர்ந்துவிடும், கொஞ்ச நேரத்தில் ஒரு பெருமூச்சு வரும். இதையெல்லாம் அடையாளம் காண, சாதாரண நாளில் அந்தத் துடிப்பு எப்படி இருக்கும் என்று உங்கள் கைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே தீபாவளி அன்று தொடங்காதீர்கள். ஆவணி, புரட்டாசியிலேயே, சத்தமில்லாத ஒரு மதிய நேரத்தில், தினமும் ஒரே பாயில், ஐந்து நிமிடம் பழக்குங்கள். அந்தப் பாயும் அந்தக் கையும் நிம்மதியோடு சேர்ந்துவிட்டால், வெடிக்கும் நாளில் பாதி வேலை முடிந்த மாதிரி.

"தடவிக் கொடுத்தா பயம் கூடிப்போயிரும்க்கா" என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். பலரும் இப்படி நம்புகிறார்கள். பயம் நாய் வேண்டுமென்று செய்யும் சேட்டை இல்லை, நாம் ஆறுதல் சொல்வதால் அது வளராது. தனியாக விடுவதுதான் கொடுமை.

தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளிக்குக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று வெடிக்க நேரம் வைத்திருக்கிறார்கள். தெருவில் அதற்கு முன்பே சத்தம் கேட்டாலும், நம் திட்டத்துக்கு இந்த நேரங்கள் உதவும். மாலை 5 மணிக்குள் நடக்கக் கூட்டிப்போய், சோறு வைத்து, தண்ணீர்ச் சட்டியை உள்ளே எடுத்து, சன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் டிவியையும் ஓடவிடுங்கள். வாசல் கதவு பூட்டியிருக்கட்டும். பயந்து ஓடிய நாய் வழி தெரியாமல் தொலைவது அன்றைக்குத்தான். மாடியிலோ வராந்தாவிலோ சங்கிலியில் கட்டிவிட்டுப் போகவே போகாதீர்கள்.

கைக்கு எட்டாத பயமும் உண்டு. எச்சில் ஒழுக, கதவைப் பிறாண்டி நகம் கிழித்துக்கொள்ளும் நாய்க்கு மருந்து வேண்டும். பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். நம் வீட்டு மாத்திரை டப்பாவிலிருந்து எதையும் கொடுக்காதீர்கள், பாராசிட்டமால்கூட நாயின் ஈரலைக் கெடுக்கும். உறுமும் நாயையும், பழக்கமில்லாத தெரு நாயையும் அமைதிப்படுத்துகிறேன் என்று தொடாதீர்கள், பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள். பல்லோ நகமோ பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனை வருடம் சத்தத்தைக் கண்டுகொள்ளாத நாய், வயதான பிறகு திடீரென்று பயப்பட ஆரம்பித்தால் வலியைச் சந்தேகப்படுங்கள். மூட்டு வலியோடு இருக்கும் நாய் சத்தத்துக்குத் திடுக்கிடும்போது வலி இன்னும் கூடும், அதனாலேயே சத்தம் அதற்குப் பயமாகிவிடும். நீவும்போது இடுப்பிலோ தொடையிலோ ஓரிடத்தில் தோல் துடித்தாலோ, தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்த்தாலோ அந்த இடத்தைக் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள். மறுநாள் அது நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். 30-க்குள் இருந்தால் சரி, தூக்கத்திலும் தொடர்ந்து அதற்கு மேல் போனால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.