சளி சொல்வதைக் கேளுங்கள்: காசநோய்ச் சிகிச்சையைத் தாமதமாக்கும் தவறுகள்

கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதிவந்த என் சித்தப்பாவுக்கு நுரையீரல் காசநோய் கண்டது. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். மருந்து தொடங்கிய மூன்றாம் வாரமே இருமல் அடங்கியது, மாலைக் காய்ச்சல் விட்டது, இரண்டாம் தடவை சோறு கேட்டுச் சாப்பிட்டார். சுகமாகிவிட்டது என்றே எல்லோரும் நம்பினோம். இரண்டு மாத முடிவில் சளியைப் பரிசோதித்தபோது கிருமி இன்னும் இருந்தது. எங்கே பிழை விட்டோம் என்று கேட்டும் படித்தும் நான் அறிந்துகொண்டவை, இன்று மருந்து தொடங்கும் இன்னொரு குடும்பத்துக்காவது உதவட்டும்.

இருமலை அளவுகோலாக வைத்ததுதான் முதல் பிழை. வேகமாகப் பெருகும் கிருமிகளை ஐசோனியாசிட் என்ற மருந்து முதல் சில நாட்களிலேயே பெருமளவு கொன்றுவிடுகிறது. அதனால்தான் உடம்பு அவ்வளவு விரைவில் தெளிகிறது. ஆனால் ஒரு கூட்டம் பெருகாமல், அரைத் தூக்கத்தில் கிடக்கும். அவற்றை அழிக்க ரிஃபாம்பிசின், பைரசினமைடு என்ற மற்ற மருந்துகளுக்கு மாதங்கள் தேவை. முதல் 2 மாதங்கள் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதங்கள் இரண்டு மருந்துகள் என்ற கணக்கு அதற்காகத்தான். இடையில் நிறுத்தினால் எஞ்சியவை மீண்டும் எழும், மருந்துக்கு அடங்காதவையாகவும் மாறக்கூடும்.

ஒருவருக்கு இரண்டு மாதத்தில் சளி சுத்தமாகிறது, மற்றவருக்கு ஆவதில்லை. தொடக்கத்திலேயே சளியில் கிருமி மிகுந்திருந்தால், நுரையீரலில் குழி விழுந்திருந்தால், நாள் கூடும். இரண்டுமே பெரும்பாலும் காலந்தாழ்த்தி வந்ததன் விளைவு. கொழும்பில் நாம் இருமலுக்கு முதலில் போவது மருந்துக்கடைக்கு. ஒரு போத்தல் பாணி, பிறகு இன்னொரு போத்தல், பிறகு யாரோ சொன்ன குளிசை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

சித்தப்பாவின் விஷயத்தில் உண்மையான காரணம் சீனி வருத்தம். ஒரே நேரத்தில் இத்தனை குளிசைகளா என்று சலித்துக்கொண்டு, நீரிழிவுக் குளிசைகளை அவராகவே நிறுத்தியிருந்தார். எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. இரத்தத்தில் சீனி கூடியிருந்தால் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் தளர்கிறது, சளி சுத்தமாவது தாமதிக்கிறது. நோய்த்தொற்றோ சீனியை மேலும் ஏற்றுகிறது. இதோடு இன்னொன்றும் உண்டு: கிளிக்லசைடு போன்ற சில நீரிழிவு மருந்துகளின் வலுவை ரிஃபாம்பிசின் குறைத்துவிடும். ஆகவே பழைய அளவிலேயே குளிசை போட்டாலும் போதாமல் போகலாம். இரண்டு கிளினிக்குகளுக்கும் இரண்டு மருந்துச் சிட்டைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும், அதன் பலனையும் ரிஃபாம்பிசின் குறைக்கும்.

புகைத்தலைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. பீடியும் சிகரெட்டும் குணமாவதைப் பின்தள்ளும், நோய் திரும்பவும் வழிவிடும். மதுவோ, இந்த மருந்துகளால் ஏற்கெனவே பாரம் சுமக்கும் ஈரலை மேலும் வருத்தும்.

மீன் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் சமையலறைக்கே உரிய சிக்கல். கெலவல்லா, பலயா என்று நாம் சந்தையில் வாங்கும் சூரை இன மீன்களில், குளிரில் சரியாக வைக்காவிட்டால் ஹிஸ்டமின் என்ற பொருள் கூடிவிடும். அதை உடம்பு சிதைக்கும் வழியை ஐசோனியாசிட் தடுக்கிறது. சாப்பிட்டுச் சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். கொழும்பில் பணியாற்றிய மார்பு நோய் மருத்துவர் சி.ஜி. உறகொட 1970களிலேயே இதை மருத்துவ இதழ்களில் எழுதிவிட்டார். விவரம் தெரியாதவர் பழியை மருந்தின் மேல் போட்டு மருந்தை நிறுத்துகிறார். நிறுத்த வேண்டியது அந்த மீனை. சிகிச்சை முடியும்வரை வேறு மீனோ முட்டையோ பருப்போ சாப்பிடட்டும். நன்றாகச் சாப்பிட வேண்டும் என்பது முக்கியம், மெலிந்த உடம்பு மெதுவாகத்தான் தேறும். மருந்தின் அளவும் உடல் நிறையைப் பொறுத்தது, ஆகவே கிளினிக்கில் நிறை பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

குளிசைகளை வெறும் வயிற்றில் போடுவதே சிறந்தது. சோற்றுக்குப் பின் போட்டால் ரிஃபாம்பிசின் உடம்பில் சேர்வது குறையும். வயிற்றெரிவு மருந்தைக் கூடவே விழுங்குவதும் தவறு. குமட்டல் தாங்க முடியாவிட்டால் கிளினிக்கில் கேட்டுச் சிறிது உணவோடு போடலாம், நிறுத்துவதைவிட அது மேல். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது ரிஃபாம்பிசினின் நிறம், பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளித்தாலோ, வாந்தி ஓயாவிட்டாலோ, பார்வை மங்கினாலோ அன்றே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மலையகத்துக்குப் போகும் கடைப் பையன்களை நினைத்தால் மனம் பதறுகிறது. நான்கு நாள் லீவு பத்து நாளாகும், குளிசை கொழும்பு அறையில் கிடக்கும். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும் என்ற பயத்தில் கிளினிக் நாளையும் தவறவிடுவார்கள். புறப்படும் முன் கிளினிக்கில் சொன்னால் போதும், அந்த நாட்களுக்கான மருந்துக்கோ ஊர்ப்பக்க நிலையத்தில் தொடர்வதற்கோ ஒழுங்கு செய்யலாம். தொடர்ந்து 2 மாதங்கள் விடுபட்டுப் போனால் சிகிச்சையை இடையில் விட்டவராகவே கணக்கிடுவார்கள்.

பரிசோதனைக்கு எச்சிலைத் துப்பிக் கொடுப்பது இன்னொரு தவறு. இருமல் குறைந்தபின் சளி வராது, உண்மைதான். காலையில் வாயைக் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். எச்சிலில் கிருமி தெரியாமல் போனால் அந்த நல்ல செய்தி பொய்யாக இருக்கலாம். சளியில் கிருமி தெரிந்தாலும் உடனே மனம் உடையத் தேவையில்லை, நுண்ணோக்கியில் செத்த கிருமியும் தெரியும். உயிருள்ளதா என்று வளர்த்துப் பார்க்க வாரங்கள் ஆகும். ஜீன் எக்ஸ்பேர்ட் கருவியும் செத்த கிருமியின் மரபணுவைக் காட்டும், ஆகவே ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமியா என்று அறிய அது உதவுமே தவிர, குணத்தை அளக்க உதவாது. தனியாரிடம் அடிக்கடி எக்ஸ்ரே எடுத்துக் கலங்குவதும் வீண், தழும்பு குணமானபின்பும் தெரியும்.

கடைசியாக, நாங்கள் செய்த பிழை. சித்தப்பாவுக்குத் தட்டும் கோப்பையும் தனியாக வைத்தோம். காசநோய் பாத்திரத்தால் பரவாது, காற்றால் பரவும். அவர் அறையின் யன்னலைத் திறந்து வைத்திருக்க வேண்டும், பக்கத்து வீட்டார் இருமல் சத்தம் கேட்பார்கள் என்று அதை மூடியே வைத்தோம். தனித் தட்டு அவரைக் கூனிக் குறுக வைத்தது. குளிசை நிறுத்தியதை அவர் மறைத்ததற்கும் அதுவே காரணமோ என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது. நீரிழிவு மருந்தைச் சீராக்கிய பிறகு அவருடைய சளி சுத்தமானது. வீட்டிலுள்ள எல்லோரையும், குறிப்பாக ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை, முதல் வாரமே கிளினிக்குக்குக் கூட்டிச்செல்ல வேண்டும். அந்தச் சிறு பிள்ளைகளுக்கு நோய் இல்லையென்றாலும் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். என் தம்பியின் நான்கு வயது மகளை நாங்கள் இரண்டாம் மாதம்தான் கூட்டிச் சென்றோம்.