பழைய காருக்கு ஹைட்ராலிக் பிரேக் பூஸ்டர்: பவர் ஸ்டீயரிங் பம்ப்பை வைத்தே மாட்டுவது எப்படி?

பழைய காரில் பிரேக் கனமாக இருந்தால் வாக்குவம் பூஸ்டர் (எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தை வைத்து மிதிக்கும் பலத்தைப் பெருக்கும் கருவி) போடச் சொல்வார்கள். அந்தப் பெரிய டப்பாவுக்கு எல்லாக் காரிலும் இடம் இருக்காது. இடம் இருந்தாலும் எஞ்சின் போதுமான வாக்குவம் தர வேண்டும். பெரிய கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட எஞ்சின் ஐடிலில் அதைத் தராது. டீசல் எஞ்சினுக்குத் தனியாக ஒரு வாக்குவம் பம்ப்பே தேவைப்படும். இப்படிப்பட்ட வண்டிகளுக்குத்தான் பவர் ஸ்டீயரிங் பம்ப்பில் ஓடும் பூஸ்டர். பெண்டிக்ஸ் நிறுவனத்தின் ஹைட்ரோ-பூஸ்ட் 1970களிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது.

வாக்குவம் பூஸ்டருக்குப் பலம் காற்றழுத்தம். கடல் மட்டத்திலேயே அது 14.7 பிஎஸ்ஐதான் (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட் என்ற அழுத்த அளவு). ஸ்டீயரிங் பம்ப்போ தேவைப்படும்போது 1,000 பிஎஸ்ஐக்கு மேல் தரும். அதனால்தான் கையடக்கமான ஒரு பிஸ்டனே போதுமானதாக இருக்கிறது. ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: இந்த வேலையைத் தொட்ட நாள் முதல் ஸ்டீயரிங் பம்ப்பும் உங்கள் பிரேக்கின் ஒரு பாகம். பெல்ட் வழுக்கினால் பிரேக்கும் கனக்கும். முனகுகிற பழைய பம்ப்பை அப்படியே வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்காதீர்கள்.

படி 1: இருக்கும் பிரேக்கைச் சரிசெய்யுங்கள்

பூஸ்டர் மிதிக்கும் பலத்தைப் பெருக்கும், அவ்வளவுதான். துருப்பிடித்த பைப், கசியும் வீல் சிலிண்டர், தேய்ந்த ஷூ எல்லாவற்றையும் முதலில் மாற்றுங்கள். இதுவரை தாங்கிய பைப், கூடும் அழுத்தத்தில் வெடிக்கலாம். மாஸ்டர் சிலிண்டர் (பெடலின் தள்ளலைப் பிரேக் ஆயிலின் அழுத்தமாக மாற்றும் பாகம்) ஒற்றை அறை உள்ளதாக இருந்தால் இரட்டை அறை உள்ளதாக மாற்ற இதுவே நேரம்.

படி 2: பெடல் கணக்கு

பெடல் ஆடும் அச்சிலிருந்து கால் வைக்கும் இடம் வரை அளந்துகொள்ளுங்கள். அதே அச்சிலிருந்து புஷ்ராட் (பெடலிலிருந்து பூஸ்டரைத் தள்ளும் கம்பி) மாட்டும் துளை வரை அளந்து, முதல் அளவை இதால் வகுங்கள். 30 செ.மீ., 5 செ.மீ. என்றால் விடை 6. பூஸ்டர் இல்லாத கார்களில் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். பூஸ்டருக்கு 4 அளவில் இருந்தால் நல்லது. அதற்குத் துளையை 2.5 செ.மீ. கீழே இறக்கினால், 30-ஐ 7.5-ஆல் வகுத்து 4 வந்துவிடும். மாற்றாமல் விட்டால் லேசாகத் தொட்டாலே வண்டி குத்தி நிற்கும்.

புஷ்ராட் நேராகப் போக வேண்டும்; சாய்ந்தால் சிக்கும். பூஸ்டரின் முன்பக்க ராடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் போல இடைவெளி விடுங்கள். ராடு பிஸ்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் பிரேக் ஆயில் அதன் டேங்குக்குத் திரும்ப வழியில்லாமல் பிரேக் பிடித்தபடியே நிற்கும், சக்கரம் சூடாகும்.

படி 3: ஹோஸ் வரிசை

பூஸ்டரில் மூன்று வாய்கள்: பம்ப்பிலிருந்து அழுத்தம் வரும் வாய், ஸ்டீயரிங் பாக்ஸுக்குப் போகும் வாய், ஸ்டீயரிங் ஆயில் டேங்குக்குத் திரும்பும் வாய். வரிசை எப்போதும் பம்ப், பூஸ்டர், ஸ்டீயரிங் பாக்ஸ், டேங்க். பூஸ்டரின் ரிட்டர்ன் தனியாக டேங்குக்குப் போகட்டும். ஸ்டீயரிங் ரிட்டர்னோடு அதை ஒரு ‘T’ இணைப்பில் சேர்த்தால், எதிரழுத்தம் ஏறி, காலே வைக்காமல் பிரேக் பிடிக்க வாய்ப்பு உண்டு. டேங்கில் இரண்டு ரிட்டர்ன் வாய் வைத்துக்கொள்வதே என் தேர்வு.

அழுத்தம் உள்ள இரண்டு லைனுக்கும் பவர் ஸ்டீயரிங்குக்கென்றே செய்த, முனை கிரிம்ப் செய்த ஹோஸ்தான். கிளாம்ப் போட்ட ரப்பர் குழாய் ரிட்டர்னுக்கு மட்டும். டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது; அதன் துணுக்கு உள்ளே போய் வால்வை அடைக்கும்.

படி 4: இரண்டு ஆயிலும் கலக்கக் கூடாது

ஸ்டீயரிங் ஆயில் ஊற்றிய புனலைத் துடைத்துவிட்டு, அதே புனலில் பிரேக் ஆயில் ஊற்றினேன். சில நாளில் மாஸ்டர் சிலிண்டர் மூடியைத் திறந்தால், உள்ளே இருந்த ரப்பர் உப்பி, அலை அலையாக நெளிந்து கிடந்தது. திரும்ப அதன் பள்ளத்தில் உட்காரவே இல்லை. டாட் 3, டாட் 4 வகைப் பிரேக் ஆயிலுக்கான ரப்பர், ஸ்டீயரிங் ஆயில் போன்ற மினரல் ஆயில் பட்டால் ஊதிவிடும். பிரேக்கில் உள்ள எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டியதாயிற்று. தயவுசெய்து இரண்டு புனல் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஏர் எடுப்பது

அவசரப்பட்டால் கெடுவது இந்த இடத்தில்தான். முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஸ்டீயரிங் ஆயில் டேங்கை நிரப்புங்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபடி இக்னிஷனைத் துண்டித்து, சில வினாடிகள் மட்டும் கிராங்க் செய்யுங்கள் (ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றவிடுங்கள்). அளவு இறங்கியதும் நிரப்பி, மறுபடியும் செய்யுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெல்லத் திருப்பியபடி பிரேக்கை மிதித்து மிதித்து விடுங்கள். கோடியில் ஐந்து வினாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், பம்ப் சூடாகும்.

ஆயில் வெளுத்து நுரைத்தால் எஞ்சினை நிறுத்திவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நுரை மேலே வந்து ஆயில் தெளிந்திருக்கும். நிரப்பிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். இரண்டு மூன்று சுற்று ஆவது சகஜம். சக்கரங்களில் பிரேக் ஆயிலுக்கு ஏர் எடுப்பது இதற்குச் சம்பந்தமில்லாத தனி வேலை, அதையும் முடியுங்கள்.

படி 6: நின்ற இடத்திலேயே சோதனை

எஞ்சினை நிறுத்தி, பெடல் கல் போல ஆகும் வரை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் இறங்கி, உடனே காலை மேலே தள்ள வேண்டும். அப்படிச் செய்தால் பூஸ்டர் வேலை செய்கிறது.

அடுத்து அக்குமுலேட்டர். எஞ்சின் நின்றுபோனாலும் இரண்டு மூன்று தடவை லேசாகப் பிரேக் பிடிக்க அழுத்தத்தைச் சேமித்து வைப்பது இதுதான். எஞ்சின் ஓடும்போது ஸ்டீயரிங்கைக் கோடி வரை திருப்பிவிட்டு, எஞ்சினை நிறுத்துங்கள். ஒரு மணி நேரம் கழித்து மிதித்தால் முதல் இரண்டு மிதியாவது லேசாக இருக்க வேண்டும். உடனே கனத்தால் அக்குமுலேட்டர் அழுத்தத்தைத் தாங்கவில்லை. வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

எதிர்காலத்தில் எந்த ஹோஸைக் கழற்றுவதாக இருந்தாலும், எஞ்சினை நிறுத்திப் பெடல் கனக்கும் வரை மிதித்துச் சேமிப்பைக் காலி செய்த பிறகே ஸ்பானரைத் தொடுங்கள். அக்குமுலேட்டரைத் திறக்கவோ சூடாக்கவோ வேண்டாம். உள்ளே அழுத்தத்தில் இருப்பது கேஸோ ஸ்பிரிங்கோ, அது முகத்துக்கு நேராகத்தான் பாயும்.

முதல் ஓட்டம் ஆளில்லாத இடத்தில், மெதுவாக. திரும்பி வந்ததும் ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்; கறை பட்டால் அந்த இணைப்பைச் சரிசெய்யும் வரை வண்டி ஷெட்டிலேயே நிற்கட்டும்.