டியூபுலின் பிரிக்கிறீர்களா? குளிரவைத்தும் பாருங்கள்

தஞ்சாவூர், திருச்சிப் பக்கம் ஆய்வகத்தில் டியூபுலின் (செல்லுக்குள் நுண்குழல்களாக இணையும் புரதம்) பிரிப்பவர்களுக்கு ஆட்டு மூளை நல்ல மூலப்பொருள். விடியற்காலையில் ஐஸ் பெட்டியோடு கறிக்கடைக்கே போய், அறுத்த கையோடு வாங்கிவிடுங்கள். டெல்டா வெயிலில் தாமதித்தால் புரதம் கெட்டுவிடும்.

பிரிக்கும் முறை தெரிந்ததுதான்: ஜிடிபி (GTP, டியூபுலின் இணையத் தேவையான மூலக்கூறு) சேர்த்து 37 டிகிரியில் நுண்குழல்களாக இணைய விடுவது, 4 டிகிரியில் பிரிய விடுவது, ஒவ்வொரு முறையும் சென்ட்ரிஃப்யூஜில் வேகமாகச் சுழற்றிப் பிரிப்பது.

புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் 50 கிலோடால்டன் பக்கம் உள்ள பட்டை மட்டும் பளிச்சென்று தெரிந்தால் தூய்மை சரி. ஆனால் செயலிழந்த புரதமும் அதே இடத்தில்தான் ஓடும். ஆகவே 350 நானோமீட்டரில் கலங்கலை அளந்து பாருங்கள். 37 டிகிரியில் அது ஏற வேண்டும். அதோடு நிறுத்தாமல் அதே குவெட்டை (அளக்கும் சின்னக் குப்பி) ஐஸில் வைத்து மறுபடி அளந்து பாருங்கள் (நம்ம ஊர் ஈரக்காற்றில் வெளிப்புறம் வியர்க்கும், துடைத்துவிடுங்கள்). கலங்கல் இறங்கினால் அவை நுண்குழல்கள். இறங்கவே இல்லையென்றால் செயலிழந்த புரதம் ஒட்டிக்கொண்ட வெறும் திரட்சி. என்னைக் கேட்டால் அந்தப் புரதத்தை வைத்து எந்தச் சோதனையும் வேண்டாம்.

அப்புறம், சின்னச் சின்னப் பங்குகளாகத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து மைனஸ் 80 டிகிரியில் சேமியுங்கள். உருகியதை மறுபடி உறையவைக்காதீர்கள்.