துக்கத்திலும் குற்றவுணர்விலும் விசுவாசிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் முதலில் சொல்வது, பெரும்பாலும், "கர்த்தருடைய சித்தம், அழாதீர்கள்" என்பதே. நல்ல மனத்தோடு சொல்லப்படுவதுதான் என்றாலும் தவறு அங்கேதான் தொடங்குகிறது. இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப்போவதை அறிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார். பவுலும் தெசலோனிக்கேயருக்குத் துக்கப்படவே கூடாது என்று எழுதவில்லை, நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கப்பட வேண்டாம் என்றுதான் எழுதினார்.

மருத்துவத்துக்குப் பெயர்பெற்ற ஊராதலால் இங்கே துக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் வருத்தம் ஒன்று உண்டு. குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ வாரக்கணக்கில் வைத்தியம் பார்த்துவிட்டு, "முன்னமே வேலூருக்குக் கூட்டி வந்திருக்கலாமே" என்று மகனோ மனைவியோ ஆண்டுக்கணக்கில் தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்வார்கள். அறியாமல் எடுத்த முடிவையும் அறிந்தே செய்த பாவத்தையும் ஒன்றாகக் கருதுவதே இதிலுள்ள பிழை. அன்றைக்குக் கையிலிருந்த பணத்தையும் தெரிந்திருந்த விவரத்தையும் கொண்டு எடுத்த முடிவுக்குத் தேவைப்படுவது மன்னிப்பு அல்ல, ஆறுதல். தங்கையின் பங்கை ஏமாற்றி எழுதி வாங்கியது வேறு வகை. அதை ஜெபத்தில் அறிக்கையிட்டதோடு நிறுத்திக்கொள்வது போதாது. ஆயக்காரனான (வரி வசூலிப்பவனான) சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருவதாக இயேசுவிடம் சொன்னான்; தங்கை உயிரோடிருக்கும்வரை பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போக வழியிருக்கிறது.

அப்பாவோடு கடைசிவரை பேசாமலிருந்தவருக்கோ அந்த வழியும் இல்லை. அத்தகையவரிடம் "பழையதைப் பேசாதே" என்று வாயடைப்பது, என் பார்வையில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. இயேசுவின் சீடனான பேதுரு அவரை அறியேன் என்று மறுதலித்தது கரிநெருப்பின் அருகே குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது. உயிர்த்தெழுந்த இயேசு திபேரியாக் கடற்கரையில் அவனோடு பேசிய இடத்திலும் கரிநெருப்பு இருந்ததை யோவான் மறக்காமல் குறிக்கிறார். மூன்று முறை மறுதலித்தவனிடம், அவன் துக்கப்படுமளவுக்கு, மூன்று முறை அன்பைக் குறித்துக் கேட்டுவிட்டு, தம் ஆடுகளை, அதாவது தம்மைப் பின்பற்றுகிறவர்களை, அவனிடமே ஒப்படைத்தார். ஆயரிடமோ நம்பிக்கைக்குரிய ஒருவரிடமோ நடந்ததை நடந்தபடியே சொல்லி அழுவதற்கு இடம் கொடுப்பதுதான் சபையார் செய்யத்தக்கது.

வெட்டுக்கிளி பட்சித்த வருஷங்களின் விளைவைத் திரும்பத் தருவேன் என்ற, யோவேல் தீர்க்கதரிசியின் புத்தகத்திலுள்ள வாக்கைக் காட்டி, இழந்தது இழந்தபடியே வந்து சேரும் என்று உறுதி கூறுவதும் தவறு. 1954-இல் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்த டாக்டர் மேரி வர்கீஸுக்குக் கால்கள் திரும்பக் கிடைக்கவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சிஎம்சி) மறுவாழ்வு மருத்துவத் துறையை உருவாக்கினார். வேலூரின் பாகாயம் பகுதியிலுள்ள மறுவாழ்வு மையம் அந்தப் பணியிலிருந்து வளர்ந்தது.

மாதங்கள் கடந்தும் தூக்கமும் பசியும் இல்லாதவரை, செத்துப்போகலாம் என்று பேசுகிறவரை, விசுவாசம் போதாது என்று கடிந்துகொள்வது ஆபத்தானது. பாகாயத்திலேயே சிஎம்சியின் மனநல மையமும் இருக்கிறது. சாவைப் பற்றிப் பேசுகிறவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும், ஜெபத்தை வண்டியிலும் செய்யலாம்.