பலெர்மோவில் மழை பெய்தால் எங்கே போவது?

இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் பலெர்மோவுக்கு வரும் நம் ஆட்கள் யாரும் மழையை எதிர்பார்த்து வருவதில்லை. சிசிலி என்றால் வெயில், கடல், எலுமிச்சை என்றுதான் ஊரில் சொல்லி அனுப்புவார்கள். யூன் முதல் ஓகஸ்ட் வரைக்கும் அது சரி. ஒக்டோபர் பிறந்ததும் கதை மாறும். மார்ச் வரைக்கும் மழை விட்டு விட்டுப் பெய்யும், கடல் காற்று குடையைத் திருப்பி அடிக்கும், வீட்டுச் சுவர்களில் ஈரம் ஏறும்.

என் முதல் குளிர்காலம் பல்லாரோ சந்தைக்குப் பின்னால் ஒரு ஒற்றை அறையில் கழிந்தது. ஹீட்டர் இல்லை. கட்டிலுக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பூஞ்சணம். பெட்டியில் மடித்து வைத்த வேட்டியிலும் அதே மணம். மழை பெய்த ஞாயிற்றுக்கிழமைகளில் போர்வைக்குள் கிடந்து ஊருக்குப் போன் எடுப்பேன், பேச்சு முடிந்ததும் இன்னும் மனம் கனக்கும். அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து பார்க்கும் மாளிகை இருக்கிறது. அது எனக்கு எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அந்த எட்டு மாதம் வீணாகக் கூடாது. மழை நாளில் தயவுசெய்து அறைக்குள் கிடக்காதீர்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. வெளிக்கிட முன் 'அல்லெர்த்தா மெத்தேயோ' என்ற வானிலை அறிவிப்பைப் பாருங்கள். மஞ்சள் என்றால் கவனமாகப் போகலாம். செம்மஞ்சள், சிவப்பு என்றால் வீட்டில் இருங்கள். சிவப்புக்குப் பள்ளிக்கூடங்களையே மூடிவிடுவார்கள். 2020 யூலை 15 அன்று, மழையே இல்லாத மாதத்தில், ஒரே பின்னேரத்தில் கொட்டிய மழையில் வியாலே ரெஜியோனே சிசிலியானா என்ற பெருஞ்சாலையின் கீழ்ப்பாதைகளில் கார்கள் மிதந்தன. பெருமழையில் ஸ்கூட்டரோ காரோ எதுவானாலும் அந்தக் கீழ்ப்பாதைகளில் இறக்காதீர்கள்.

சரி, எங்கே போவது? வீடுகளில் தங்கி வேலை செய்பவர்களுக்குச் சட்டப்படி ஞாயிறு முழுநாளும் வாரத்தில் இன்னொரு அரை நாளும் ஓய்வு. அதனால் ஞாயிற்றை மனதில் வைத்தே சொல்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு சிசிலி மாகாண அரசின் அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம். தொல்பொருள்கள் இருக்கும் சலினாஸ், ஓவியங்கள் இருக்கும் பலாட்சோ அபத்தெல்லிஸ், சீசா மாளிகை மூன்றும் அதில் அடங்கும். திங்கட்கிழமை பல இடங்கள் பூட்டு, தேவாலயங்கள் மத்தியானம் மூடிப் பின்னேரம் திறக்கும். நேரத்தை முதலே பார்த்துவிட்டுப் போனால் மழையில் கதவடியில் நிற்க வேண்டி வராது.

நான் முதலில் அனுப்புவது சீசாவுக்கு. 12ஆம் நூற்றாண்டில் நோர்மன் அரசர்கள் கோடை வெப்பத்துக்குத் தப்ப, அராபியக் கைவண்ணத்தில் கட்டிய மாளிகை அது. பெயரும் 'அல் அசீசா' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். கீழ் மண்டபத்தில் சுவரிலிருந்து தண்ணீர் சரிந்து இறங்கித் தரை வாய்க்காலில் ஓடும்படி அமைத்திருந்தார்கள், காற்று அதன்மேல் பட்டுக் குளிர்ந்து வீட்டுக்குள் போகும். ஆனால் உங்களை அங்கே அனுப்புவது ஒரு கல்லுக்காக. 1149ஆம் ஆண்டுக் கல்லறைக் கல்வெட்டு. அரசவைப் பாதிரியார் ஒருவர் தன் தாய் அன்னாவுக்காக வைத்தது. இலத்தீன், கிரேக்கம், அரபு, அப்புறம் எபிரேய எழுத்தில் அரபு என்று நான்கு விதமாக ஒரே செய்தியை வெட்டியிருக்கிறார்கள். ஆண்டைக்கூட ஒவ்வொருவருக்கும் அவரவர் கணக்கில்தான் எழுதியிருக்கிறார்கள். தாய் இறந்த துக்கத்தைச் சொல்லும்போதும் ஊரில் யாருக்கும் விளங்காமல் போகக் கூடாது என்று நினைத்த மகன். அதன் முன் நான் வெகுநேரம் நின்றேன். காலி நகரில் கிடைத்து இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கும் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. 1409ஆம் ஆண்டுத் திகதியோடு சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதிய கல். பலெர்மோவின் பழைய யூதர் பகுதியில் இன்றும் தெருப் பெயர்ப் பலகைகள் இத்தாலியம், எபிரேயம், அரபு மூன்றிலும் இருக்கின்றன. பல மொழிப் பலகை பார்த்து வளர்ந்த நமக்கு இந்த ஊர் அவ்வளவு அந்நியம் இல்லை.

பல்லாரோவிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு மாளிகை என்று சொன்னேனே, அது பலாட்சோ தேய் நோர்மான்னி. அதற்குள் இருப்பது கப்பெல்லா பலத்தீனா. இரண்டாம் ரொஜர் அரசன் கட்டுவித்து 1140இல் அர்ச்சித்த சிற்றாலயம். கட்டணம் மற்ற இடங்களைவிடக் கூட, ஞாயிறு காலைப் பூசை நேரத்தில் சுற்றிப்பார்க்க விடமாட்டார்கள். அதனால் உங்கள் அரை நாள் ஓய்வை இதற்கு வையுங்கள். சுவரெல்லாம் பொன் பதித்த கண்ணாடித் துண்டுகளால் ஆன ஓவியங்கள். வெளியே வானம் இருண்டிருக்கும்போது உள்ளே அந்தப் பொன் நிறம் இன்னும் அழுத்தமாகத் தெரியும். பிறகு அண்ணாந்து பாருங்கள். கூரை மரத்தால் ஆனது, தேன்கூடு போல அடுக்கடுக்காகச் செதுக்கி வர்ணம் தீட்டியிருக்கிறார்கள். கிறிஸ்தவ ஆலயத்துக்கு முஸ்லிம் கலைஞர்கள் செய்த கூரை. கழுத்து வலித்தாலும் பரவாயில்லை, அவசரப்படாதீர்கள்.

அபத்தெல்லிஸில் ஒரு பெரிய படமும் ஒரு சின்னப் படமும் போதும். பெரியது 'மரணத்தின் வெற்றி'. ஒரு சுவர் அளவு. எலும்புக் குதிரையில் வரும் மரணம் பணக்காரர்மேல் அம்பு விடுகிறது. சின்னப் பிள்ளைகள் பயப்படலாம். சின்னது அந்தொனெல்லோ தா மெஸ்ஸீனா வரைந்த மாதா. உயரம் 45 சென்ரிமீற்றர்தான். நீல முக்காட்டை ஒரு கையால் நெஞ்சடியில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைச் சற்றே முன்னால் நீட்டியிருக்கிறாள். அவளுக்குச் செய்தி சொல்ல வந்த வானதூதர் படத்தில் இல்லை. அவர் நிற்கும் இடத்தில் நாம் நிற்கிறோம். கதவைத் தட்டியதும் முக்காட்டைச் சரிசெய்தபடி எட்டிப் பார்க்கும் அக்கா ஒருத்தியின் முகம் எனக்கு அதில் தெரியும்.

பிள்ளைகள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், பொம்மலாட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். சிசிலியில் அதற்கு 'ஓப்பெரா தேய் பூப்பி' என்று பெயர். 2001இல் யுனெஸ்கோ மரபுக் கலையாக அறிவித்தது. பலெர்மோப் பொம்மைக்கு உயரம் ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைவு. உலோகக் கவசம், முழங்கால் மடங்கும், வாளை உருவி மறுபடி உறையில் போடும். நூல் அல்ல, தலைக்கும் வலக்கைக்கும் இரும்புக் கம்பி. சண்டை தொடங்கியதும் ஆட்டுபவர்கள் பலகைத் தரையில் காலால் ஓங்கி மிதிப்பார்கள். அந்தச் சத்தம் உங்கள் கதிரைக்குள்ளாலேயே ஏறும். தலைகள் பறக்கும், ஒரு உடல் நடுவால் பிளந்து விழும், ஒரு ஓரத்தில் கைப்பிடி சுற்றும் பியானோ வாசிக்கும். ஒர்லாந்தோ, ரினால்தோ என்ற வீரர்களின் கதை. மொழி விளங்காவிட்டாலும் கானோ மேடைக்கு வந்ததும் இவன்தான் இங்கத்தைய சகுனி என்று பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும். கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த மிதியும் முழக்கமும் நெஞ்சை என்னவோ செய்யும். வியா பாரா அல்லொலிவெல்லாவில் கூத்திக்கியோ குடும்பத்தின் அரங்கு இருக்கிறது. துறைமுகப் பக்கம் 1975இல் தொடங்கிய மரியொனெட் அருங்காட்சியகத்தில் ஆசிய நாடுகளின் பொம்மைகளும் உண்டு.

தியாத்ரோ மாஸ்ஸிமோவை வெளியே மட்டும் பார்த்துப் போகிறவர்கள்தான் அதிகம். 1897இல் திறந்த அந்த ஒப்பெரா அரங்கை 1974இல் திருத்த வேலைக்கென்று மூடி, 23 ஆண்டுகள் கழித்தே திறந்தார்கள். உள்ளே சுற்றிக் காட்டுகிறார்கள். கூரை ஓவியத்தின் இதழ்கள் காற்றுக்காகத் திறக்கக்கூடியவை.

காசு செலவில்லாத இடம் வேண்டுமா? கோர்சோ வித்தோரியோ எமனுவேலேயில் மாகாண நூலகம் இருக்கிறது. இத்தாலியப் பாடப் புத்தகத்தோடு அங்கே போய் உட்காருங்கள். நீண்டகால வதிவிட அட்டைக்கு ஏ2 மட்டத்து மொழி அறிவு கேட்பார்கள், வளர்ந்தோருக்கான அரசுப் பள்ளியான 'சி.பி.ஐ.ஏ.'யில் அதற்கு வகுப்பு உண்டு. மழைக்காலம்தான் வகுப்புக் காலமும்.

பலெர்மோவின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவைச் சொல்லாமல் விட முடியாது. மொந்தே பெல்லெகிரீனோ மலையில் இருக்கும் அவளுடைய ஆலயத்துக்கு நம் சனம், கிறிஸ்தவர்களும் சைவர்களும், ஞாயிறுதோறும் போவதைப் பலெர்மோ முழுவதும் அறியும். 1624இல் கொள்ளைநோய் வந்தபோது புனிதையின் எலும்புகள் அங்கே கிடைத்ததாக வரலாறு. ஆலயமே ஒரு குகை. மழை அடிக்கும் நேரத்தில் போகாதீர்கள், மலைப்பாதையில் கல் உருளும். மறுநாள் போங்கள். பாறை குடித்த தண்ணீர் அப்போது கூரையிலிருந்து சொட்டும். கும்பிடுகிறவர்கள் தலையில் விழாமல் அதை ஏந்தி ஓரமாகக் கொண்டு போகச் சாம்பல் நிறத் தகடுகளைக் கிளை கிளையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மெழுகுதிரி வெளிச்சத்தில், வேறு பேச்சில்லாமல், அந்தச் சொட்டுச் சத்தம் மட்டும் கேட்கும். அழ வேண்டும் போல இருந்தால் அங்கே அழலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நனைந்த உடுப்பை ஒற்றை அறைக்குள் காயப் போடாதீர்கள், பூஞ்சணம் அதில்தான் தொடங்கும். காசு போட்டு உலர்த்தும் லவந்தெரியாவுக்குக் கொண்டு போங்கள். வரும் வழியில் 'ஃபரீனா தி சேச்சி', அதாவது கொண்டைக்கடலை மா, அரைக் கிலோ வாங்குங்கள். பலெர்மோக்காரரின் 'பனெல்லே' அதில்தான். ஒன்றரை லீற்றர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, உப்புப் போட்டு, அடுப்பில் வைத்துக் கைவிடாமல் கிண்டுங்கள். பானையில் ஒட்டாமல் திரண்டு வந்ததும் நறுக்கிய பார்ஸ்லி தூவி, தட்டுகளின் பின்பக்கத்தில் மெல்லிசாகப் பூசி ஆறவிடுங்கள். உரித்தெடுத்து, துண்டு போட்டு, கொதி எண்ணெயில் பொரியுங்கள். கடைகளில் எள்ளுப் பாணுக்குள் வைத்துத் தருவார்கள். வீட்டில் எலுமிச்சை பிழிந்து, விரும்பினால் கொஞ்சம் மிளகாய்த்தூளும் தூவி, சூடு ஆற முன் சாப்பிடுங்கள். கூடுதலாகப் பொரித்துப் பக்கத்து வீட்டுக் கிழவிக்கும் ஒரு தட்டுக் கொடுங்கள்.