பூங்கா, பொழுதுபோக்கு, உடற்தகுதி: இளநிலைப் பட்டப்படிப்பைத் தொடங்குவோருக்கான வழிமுறை

பள்ளி நாட்களில் நன்றாக விளையாடியவர்கள், அந்த ஆர்வம் ஒன்றையே நம்பி இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுப்பதுண்டு. ஆர்வம் நல்லதே, ஆயினும் இது நாம் விளையாடுவதற்கான படிப்பு அன்று, பிறர் விளையாடவும் நடக்கவும் இளைப்பாறவும் தேவையான இடத்தையும் திட்டத்தையும் பாதுகாப்பையும் அமைத்துத்தரக் கற்பிக்கும் படிப்பு.

முதல் படி, பிரிவைத் தீர்மானிப்பது. பூங்கா மேலாண்மையில் நடைபாதைப் பராமரிப்பு, மண் அரிப்பு, ஓர் இடம் எத்தனை பார்வையாளர்களைத் தாங்கும் என்ற கணக்கு ஆகியவை வரும். பொழுதுபோக்குப் பிரிவு, குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் எனப் பலதரப்பினருக்கும் நிகழ்ச்சிகளைத் திட்டமிடுவதையும் வரவுசெலவையும் கற்றுத்தரும். உடற்தகுதிப் பிரிவு முழுக்க அறிவியல் சார்ந்தது.

இரண்டாவதாக, பட்டத்தின் பெயரைப் பார்க்காமல் பாடப்பட்டியலைப் படியுங்கள். ஒரே பெயருள்ள பட்டம் இரண்டு கல்லூரிகளில் வெவ்வேறாக இருக்கும். உடற்தகுதிப் பிரிவென்றால் உடற்கூற்றியலும் உடலியங்கியலும் ஆய்வக வகுப்புகளோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாத பாடத்திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது படியில் சற்று நின்று நிதானிக்க வேண்டும். புதியவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான். முதல் ஆண்டிலேயே உடலியங்கியலைக் கணக்கோடு சேர்த்துப் பழகுங்கள். எடுத்துக்காட்டாக, 20 வயதுள்ள ஒருவரின் ஓய்வு நிலை இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 70 எனக் கொள்வோம். 220-லிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்சத் துடிப்பு 200. அதிலிருந்து 70-ஐக் கழித்தால் மிஞ்சுவது 130. இதில், பயிற்சியின் தீவிரமாக நாம் எடுத்துக்கொள்ளும் 60 விழுக்காடாகிய 78-ஐ மீண்டும் 70-உடன் கூட்டினால், பயிற்சியின்போது அவர் எட்ட வேண்டிய துடிப்பு 148 என்று கிடைக்கும். இதைக் கார்வோனன் முறை என்பர். ஆனால் 220 என்பது சராசரியை ஒட்டிய மதிப்பீடுதான், ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புக்கு மேலும் வேறுபடக்கூடும். இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மருந்துகளை உட்கொள்பவருக்கோ இந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது. ஆகவே எண்ணைக் கணக்கிடுவதற்கு முன் அவருடைய உடல்நிலையையும் மருந்துகளையும் கேட்டறிவதே முதல் வேலை. உலக சுகாதார அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலையும் மனத்தில் இருத்துங்கள்: பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பும், இரண்டு நாட்களாவது தசை வலுவூட்டும் பயிற்சியும் தேவை.

நான்காவது படிக்கு வகுப்பறை வேண்டாம். ஏதேனும் ஒரு பூங்காவில் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளைகளில் ஒரு மணி நேரம் அமர்ந்து, யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்பதை ஒரு வரைபடத்தில் குறியுங்கள். வந்தவர்களைவிட வராதவர்களே முக்கியம். முதியவர் எவருமே இல்லையென்றால், சாய்ந்து அமர இருக்கை இல்லையா, நிழல் இல்லையா, கழிப்பறை தொலைவில் உள்ளதா என்று தேடுங்கள். நல்ல திட்ட அறிக்கைகள் அந்தத் தேடலிலிருந்தே பிறக்கின்றன.

முதலுதவிப் பயிற்சியை இறுதியாண்டு வரை தள்ளிப்போடாதீர்கள். இதயம் நின்றுபோன பெரியவருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மார்பை அழுத்த வேண்டும் என்பதைக் கை பழகியிருந்தால்தான் பதற்றத்திலும் செய்ய முடியும்.

கடைசிப் படி களப்பயிற்சி. பெயர்பெற்ற நிறுவனத்தில் ஓரமாக நின்று பார்ப்பதைவிட, சிறிய இடமானாலும் ஒரு நிகழ்ச்சியைத் திட்டமிடுவது முதல் செலவுக் கணக்கை ஒப்படைப்பது வரை உங்களையே செய்யவிடும் இடம் மேலானது. மேற்பார்வையிடப்போவது யார், எத்தனை மணி நேரம் கணக்கில் ஏறும் என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் பெறுங்கள். தொழில்முறைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தத் தாள் கேட்கப்படலாம்.